வீட்டுக் கடன்: வட்டியைப் புரிந்துகொண்டு வாங்குவது, மாற்றுவது, முடிப்பது

வீட்டுக் கடன் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த வங்கியில் வட்டி குறைவு?" என்றுதான். அது ஆறாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் ஐந்து வேலைகள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு வட்டியை மட்டும் துரத்தியவர்களில் பலர் கொடுத்த முன்பணத்தைத் திரும்ப வாங்க முடியாமல் அலைகிறார்கள். சிலர் கடனே வாங்கிவிடுகிறார்கள், ஆனால் அது எப்போது முடியும் என்று அவர்களுக்கே தெரிவதில்லை.

கீழே உள்ளது தமிழ்நாட்டில் வீடு வாங்குகிறவர்களுக்கும், ஏற்கெனவே உள்ள கடனை வேறு வங்கிக்கு மாற்ற நினைக்கிறவர்களுக்கும் ஆனது. மாற்ற மட்டும் நினைப்பவர்கள் 4, 5 ஆகிய இரண்டையும் படித்துவிட்டு 10-க்குப் போகலாம்.

1. கைப்பணத்தைக் கணக்கிடுங்கள்

வங்கி முழு விலையையும் கடனாகத் தராது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் ரூபாய் வரையிலான கடன் என்றால் வீட்டின் மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கு மேல் 75 சதவீதம்.

50 லட்சம் ரூபாய் வீட்டை எடுத்துக்கொள்வோம். கடன் அதிகபட்சம் 40 லட்சம். மீதி 10 லட்சம் உங்கள் கையிலிருந்து வர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தடுமாறுவது அடுத்த செலவில்தான். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக இன்னொரு நாலரை லட்சம். வங்கி கடன் தொகையைக் கணக்கிடும்போது பொதுவாக இதைச் சேர்த்துக்கொள்ளாது. பரிசீலனைக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், அடமானப் பதிவுச் செலவு எல்லாம் தனி. கையில் 15 லட்சமாவது இல்லாமல் இந்த வீட்டுக்குப் பேச்சைத் தொடங்க வேண்டாம்.

இன்னொன்று, வீட்டின் மதிப்பு என்பது விற்பவர் சொல்லும் விலை அல்ல. வங்கியின் மதிப்பீட்டாளர் 45 லட்சம் என்று எழுதிவிட்டால் கடன் 36 லட்சமாகச் சுருங்கும். பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகக் கேட்கும் விற்பனையாளரிடமும் இதே சிக்கல் உண்டு. சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்க, பத்திரத்தில் எழுதாத பணத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது.

குறையும் பணத்துக்குத் தனிநபர் கடன் வாங்கிவிடலாம் என்று நினைப்பது மிகப் பரவலான தவறு. அந்தக் கடனின் தவணையும் உங்கள் கணக்கில் ஏறும், வீட்டுக் கடன் தகுதி அந்த அளவுக்குக் குறையும்.

2. கடன் அறிக்கையை நீங்களே முதலில் பாருங்கள்

நீங்கள் வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் பதிவு செய்யும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மதிப்பெண் 300 முதல் 900 வரை. உங்களுக்குக் கிடைக்கும் வட்டி பெரும்பாலும் இந்த எண்ணை ஒட்டித்தான் தீர்மானமாகிறது.

மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். எப்போதோ அடைத்த இருசக்கர வாகனக் கடன் இன்னும் திறந்திருப்பதாகக் காட்டலாம். நண்பருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து உங்கள் கடனாக நிற்கலாம். இவற்றைத் திருத்தச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால்தான் இந்த வேலை வீடு பார்ப்பதற்கு முன்பே வருகிறது.

ஒரே வாரத்தில் ஆறு வங்கிகளில் விண்ணப்பம் போடுவதும் வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் பதிவாகும். பணத்துக்கு அலைகிறவர் என்ற தோற்றத்தை அது தரும்.

3. முன்பணத்துக்கு முன் பத்திரம்

புதியவர்கள் அதிகம் அடிபடும் இடம் இது. வீடு பிடித்துவிடுகிறது, "நாளைக்கு வேறு ஒருவர் வருகிறார்" என்று தரகர் சொல்கிறார், இரண்டு லட்சம் முன்பணம் கை மாறுகிறது. மாதம் கழித்து வங்கி வழக்கறிஞர், இந்தச் சொத்துக்குக் கடன் தர இயலாது என்று எழுதுகிறார்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரிடம் கேட்க வேண்டிய நகல்கள்: கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரங்கள், பட்டா, கட்டட அனுமதி வரைபடம், மனைப்பிரிவு அங்கீகாரம், சொத்து வரி ரசீது. குறைந்தது 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்றிதழை நீங்களே பதிவுத்துறை இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள்.

வில்லங்கச் சான்றிதழில் ஒன்றும் இல்லை என்றால் வில்லங்கமே இல்லை என்று பொருளல்ல. பதிவான ஆவணங்கள் மட்டும்தான் அதில் வரும். பதிவு செய்யாத உயில், வாரிசுகளுக்குள் உள்ள தகராறு போன்றவை தெரியாது. அதேபோல் பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவு, அது மட்டும் உரிமையை நிலைநாட்டிவிடாது. ஆகவே வங்கி வழக்கறிஞரின் கருத்துக்குக் காத்திருக்காமல், சொந்தச் செலவில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். வங்கி வழக்கறிஞர் பார்ப்பது வங்கியின் பணம் பத்திரமா என்பதைத்தான்.

கிரய ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: சொத்தின் ஆவணக் குறையால் வங்கி கடன் மறுத்தால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும். இதற்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளருக்கு அவருடைய ஆவணங்களின் மேலேயே நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

4. வட்டியைப் பிரித்துப் பாருங்கள்

விளம்பரத்தில் ஒரே எண்ணாகத் தெரியும் வட்டி உண்மையில் இரண்டு துண்டுகள். ஒன்று அடிப்படை விகிதம். மற்றொன்று அதன் மேல் வங்கி வைக்கும் கூடுதல், இதை வங்கியில் ஸ்ப்ரெட் என்பார்கள்.

2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ஒரு வெளி அளவுகோலோடு இணைக்கப்பட வேண்டும் என்பது விதி. பெரும்பாலான வங்கிகள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தை, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் வட்டியை, எடுத்துக்கொண்டன. ரெப்போ 5.25, ஸ்ப்ரெட் 2.50 என்றால் உங்கள் வட்டி 7.75 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது இந்த வட்டியை ரெப்போவுக்கு ஏற்ப மாற்றியமைக்க வேண்டும்.

ரெப்போ ஏறினாலும் இறங்கினாலும் எல்லோருக்கும் ஒன்றுதான். உங்களையும் பக்கத்து வீட்டுக்காரரையும் வேறுபடுத்துவது ஸ்ப்ரெட். நீங்கள் கையெழுத்திட்ட நாளில் அது எவ்வளவோ, பெரும்பாலும் அப்படியே தொடரும். சில ஆண்டு கழித்து அதே வங்கி புதிய வாடிக்கையாளருக்கு 2.25-க்குக் கொடுக்கும். உங்களுக்கு 3 என்றே நிற்கும், நீங்கள் போய்க் கேட்காதவரை யாரும் குறைக்க மாட்டார்கள். ஆகவே வங்கியில் "வட்டி எவ்வளவு?" என்று நிறுத்தாமல், "எந்த அளவுகோல், அதற்கு மேல் ஸ்ப்ரெட் எவ்வளவு?" என்று கேளுங்கள்.

வீட்டுவசதிக் கடன் நிறுவனங்களுக்கு இந்த இணைப்பு விதி கட்டாயமில்லை. அவை தாங்களே நிர்ணயிக்கும் ஆதார விகிதத்தை வைத்து வட்டி போடுகின்றன. ரெப்போ குறைந்தால் அது உங்களுக்கு எப்போது, எவ்வளவு வந்து சேரும் என்பது அவர்கள் கையில். 2025-இல் மட்டும் ரெப்போ 6.50-இலிருந்து 5.25 சதவீதமாக இறங்கியது. அந்த ஒன்றேகால் சதவீதம் உங்கள் கடனில் இறங்கவில்லை என்றால், உங்கள் கடன் எந்த விகிதத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்று உடனே பாருங்கள். 2019-க்கு முந்தைய பழைய வங்கிக் கடன்களும் இப்படி, வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே நிர்ணயிக்கும் எம்சிஎல்ஆர் முறையிலேயே நின்றிருக்கக்கூடும்.

நிலையான வட்டி என்று சொல்லப்படுவது பல இடங்களில் முதல் இரண்டு, மூன்று ஆண்டுக்கு மட்டும்தான். ஒப்பந்தத்தில் 'மறுநிர்ணயம்' என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடிப் படியுங்கள்.

5. இஎம்ஐயைப் பார்க்காதீர்கள், காலத்தைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

40 லட்சம் ரூபாய், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு. இஎம்ஐ 34,713 ரூபாய். முதல் மாதம் அதில் 28,333 ரூபாய் வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 6,380 ரூபாய்தான். 20 ஆண்டு முடிவில் நீங்கள் கட்டிய மொத்த வட்டி ஏறக்குறைய 43.3 லட்சம், அதாவது வாங்கிய கடனைவிட அதிகம்.

அதையே 30 ஆண்டுக்கு நீட்டினால் இஎம்ஐ 30,757 ஆகும். மாதம் நாலாயிரம் ரூபாய் குறைகிறதே என்று மகிழத் தோன்றும். மொத்த வட்டியோ 70.7 லட்சமாக ஏறிவிடும். 15 ஆண்டாகக் குறைத்தால் இஎம்ஐ 39,390, வட்டி 31 லட்சத்துக்குள் அடங்கும்.

இதைவிடச் சூழ்ச்சியானது வட்டி ஏறும்போது நடப்பது. 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. 7 சதவீதத்தில் 40 லட்சத்தை 20 ஆண்டுக்கு வாங்கியிருந்தவரின் இஎம்ஐ 31,012. ஓராண்டு கட்டிய பின் பாக்கி சுமார் 39.05 லட்சம். வட்டி 9.5 ஆனபோது மாத வட்டியே 30,913 ரூபாய். இஎம்ஐயைத் தொடாமல் விட்டால் அசலுக்குப் போவது நூறு ரூபாய்கூட இல்லை. மிச்சம் 19 ஆண்டு என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க, கணக்குப்படி அது சுமார் 60 ஆண்டு.

இஎம்ஐ மாறவில்லை என்பதால் பலருக்கு இது தெரியவே இல்லை. இந்த நிலையைத் தடுக்கத்தான் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் புதிய அறிவுறுத்தல் வெளியிட்டது: வட்டி மாறும்போது இஎம்ஐயை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று கடன் வாங்கியவர் தேர்ந்தெடுக்கலாம். கேட்டால்தான் இந்த உரிமை பயன்படும். முடிந்தவரை இஎம்ஐ உயர்வையே கேளுங்கள்.

இதற்கு இடம் இருக்க வேண்டுமானால் தொடக்கத்திலேயே இஎம்ஐ உங்கள் கைக்கு வரும் வருமானத்தில் 35 முதல் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது என் கருத்து. வங்கி பாதி வரை போகச் சம்மதிக்கலாம். பள்ளிக் கட்டணம் கட்டப் போவது வங்கியல்ல.

6. இப்போது வங்கிகளை ஒப்பிடுங்கள்

மூன்று இடங்களில் பேசுங்கள், போதும். உங்கள் சம்பளக் கணக்குள்ள வங்கி, ஒரு பொதுத்துறை வங்கி, இன்னொரு தனியார் வங்கி. சம்பளச் சீட்டு, படிவம் 16, ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, ஆதார், பான் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். சுயதொழில் செய்பவர்கள் மூன்றாண்டு வருமான வரிக் கணக்கையும் சேர்க்க வேண்டும்.

ஒவ்வோர் இடத்திலும் முக்கியத் தகவல் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு இது கட்டாயம். வட்டியோடு எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டுச் சதவீத விகிதம் அதில் இருக்கும். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான். 7.75 என்று சொல்லும் வங்கி பல்லாயிரம் ரூபாய் பரிசீலனைக் கட்டணமும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் போட்டால், 7.80 சொல்லும் வங்கி மலிவாகிவிடலாம். அறிக்கையில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதமின்றிப் பின்னர் வசூலிக்க முடியாது.

7. கையெழுத்திடும் நாள்

கடன் காப்பீட்டைப் பற்றி வாய்மொழியாக ஒன்றும், தாளில் வேறொன்றும் இருக்கும். ஒற்றைப் பிரீமியமாகப் பெரிய தொகையைக் கடனோடு சேர்த்துவிட்டால் அதற்கும் 20 ஆண்டு வட்டி கட்டுவீர்கள். குடும்பத்துக்குப் பாதுகாப்பு வேண்டும்தான், ஆனால் தனியாக எடுக்கும் டேர்ம் காப்பீடு பெரும்பாலும் மலிவு, வங்கி மாறினாலும் உங்களோடு வரும்.

பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்ததற்கான எம்ஓடி ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும். ஒப்படைக்கும் ஒவ்வோர் அசல் ஆவணத்தின் பெயரும் எண்ணும் எழுதிய பட்டியலில் வங்கியின் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். இருபது ஆண்டு கழித்துத் தாய்ப் பத்திரம் காணவில்லை என்றால் கையில் இருக்கும் சாட்சி அது ஒன்றுதான்.

8. பணம் வெளிவரும் விதம்

கட்டி முடித்த வீடு என்றால் பத்திரப் பதிவன்று கடன் பணம் விற்பவர் பெயருக்குப் போய்விடும். கட்டும் வீடு என்றால் கட்டடம் எழும்ப எழும்பத் தவணையாக வரும். அதுவரை பெற்ற தொகைக்கு வட்டி மட்டும் கட்டச் சொல்வார்கள். இதில் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது. கட்டுமானம் தாமதமானால் இந்த வட்டி ஆண்டுக்கணக்கில் ஓடும். முடிந்தால் முழு இஎம்ஐயை முதல் தவணையிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள்.

9. கடன் ஓடும்போது

மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் அறிக்கையைத் திறந்து மூன்று எண்களைப் பாருங்கள்: இப்போதைய வட்டி, அசல் பாக்கி, மீதமுள்ள தவணைகள். மூன்றாவது எண் கூடியிருந்தால் வங்கிக்குப் போக வேண்டும்.

தனிநபர் பெயரில் உள்ள மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. மேலே சொன்ன 40 லட்சம் கடனில் ஆண்டுக்கு ஓர் இஎம்ஐ அதிகமாகக் கட்டிவந்தால் ஏறக்குறைய மூன்று ஆண்டு முன்னதாகவே முடியும். பகுதிப் பணம் கட்டும்போது, காலத்தைக் குறைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் இஎம்ஐயைக் குறைத்துவிடக்கூடும், அதில் லாபம் கொஞ்சம்தான். தொடக்க ஆண்டுகளில் கட்டும் கூடுதல் பணத்துக்கே பலன் அதிகம்.

வரிச் சலுகை போய்விடுமே என்று அடைக்காமல் வைத்திருப்பவர்கள் உண்டு. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரையிலான கழிவு பழைய வரி முறையில்தான். புதிய முறையில் இருப்பவருக்கு அது கிடையாது. கழிவு கிடைத்தாலும், நூறு ரூபாய் வட்டி கட்டி முப்பது ரூபாய் வரி மிச்சம் பிடிப்பது சேமிப்பாகாது.

10. வேறு வங்கிக்கு மாற்றுவது

முதலில் மாற்றாமல் முயலுங்கள். இப்போதைய வங்கிக்கு ஒரு கடிதம்: புதியவர்களுக்குத் தரும் ஸ்ப்ரெட்டை எனக்கும் தாருங்கள். ஒரு சிறு மாற்றுக் கட்டணத்தோடு பல வங்கிகள் ஒப்புக்கொள்ளும். மற்றொரு வங்கியின் அனுமதிக் கடிதம் கையில் இருந்தால் பேச்சு இன்னும் விரைவாக முடியும்.

ஒப்புக்கொள்ளாவிட்டால் கணக்குப் போடுங்கள். பாக்கி 30 லட்சம், மீதம் 15 ஆண்டு, வட்டி 9 சதவீதம், இஎம்ஐ 30,428. புதிய வங்கி 8.25 தருகிறது. மூன்று விதமாக இதை முடிக்கலாம்.

அதே 15 ஆண்டு வைத்தால் இஎம்ஐ 29,104. மொத்த மிச்சம் சுமார் 2.4 லட்சம்.

பழைய இஎம்ஐயையே தொடர்ந்து கட்டினால் சுமார் 15 மாதம் முன்னதாகக் கடன் முடியும். மிச்சம் 4.4 லட்சத்துக்கு மேல்.

புதிய வங்கியின் விற்பனையாளர் சொல்வது மூன்றாவது: மறுபடி 20 ஆண்டாக வைத்துக்கொள்ளுங்கள், இஎம்ஐ 25,562 தான். வட்டி குறைந்தும், மாற்றாமல் இருந்ததைவிட ஆறரை லட்சம் அதிகமாகக் கட்டி முடிப்பீர்கள். மாற்றியவர்களில் நான் பார்த்த பெரும்பாலோர் இதில்தான் கையெழுத்திட்டிருந்தார்கள். குறைந்த இஎம்ஐ கண்ணுக்குத் தெரிகிறது, கூடிய ஐந்து ஆண்டு தெரிவதில்லை.

மிச்சத்திலிருந்து பரிசீலனை, சட்டக் கருத்து, மதிப்பீடு, பழைய எம்ஓடி ரத்து, புதிய எம்ஓடி பதிவு ஆகிய செலவுகளைக் கழியுங்கள். வட்டி வித்தியாசம் அரை சதவீதத்துக்குக் குறைவாகவோ, மீதமுள்ள காலம் ஐந்தாறு ஆண்டாகவோ இருந்தால் இந்த அலைச்சலுக்கு ஈடாகாது.

வரிசை இதுதான்: பழைய வங்கியிடம் பாக்கித் தொகைக் கடிதமும் ஆவணப் பட்டியலும் வாங்குவது, புதிய வங்கியின் அனுமதி, பழைய கடனுக்கு நேரடியாகப் பணம், ஆவணங்கள் வங்கியிலிருந்து வங்கிக்குக் கைமாறுதல், எம்ஓடி ரத்தும் புதுப் பதிவும். இடையில் பழைய இஎம்ஐயை நிறுத்திவிடாதீர்கள். மாறுகிறோமே என்று ஒரு தவணையைத் தவறவிட்டால் கடன் அறிக்கையில் அது ஏறி, புதிய அனுமதியே ரத்தாகலாம்.

மாற்றும்போது கூடுதல் கடனும் தருகிறோம் என்பார்கள். குடும்பச் செலவுக்கென்றால் வேண்டாம்.

11. கடைசித் தவணைக்குப் பின்

பணம் கட்டி முடிந்ததும் கடன் பாக்கியில்லை என்ற சான்று கேளுங்கள். 2023 டிசம்பர் 1 முதலான விதிப்படி, முழுவதும் அடைத்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்கள் திரும்பக் கிடைக்க வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. கையெழுத்து வாங்கி வைத்த பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுங்கள்.

பத்திரம் கைக்கு வந்ததோடு வேலை முடிந்தது என்று வீடு திரும்பிவிடுகிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமான ரத்து ரசீதைப் பதிவு செய்யாவிட்டால் வில்லங்கச் சான்றிதழில் அந்த அடமானம் அப்படியே நிற்கும். பிள்ளைகள் வீட்டை விற்கப் போகும்போது, பெயர் மாறிய வங்கிக் கிளையைத் தேடி அலைய வேண்டி வரும். வங்கி அதிகாரி வருவதற்கு அப்போதே தேதி வாங்குங்கள். பதிவு முடிந்த பின் புதிய வில்லங்கச் சான்றிதழ் எடுத்து ரத்துப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த மாதம் கடன் அறிக்கையிலும் கணக்கு மூடியதாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு தாள்களையும் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.